லிவர்பூல் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். கூகுள் மட்டும் கூடாது! லிவர்பூல் ஃபுட்பால் கிளப் பற்றி ஐந்தே ஐந்து கேள்விகள். மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டு வாருங்கள்.

1. 2025 வரை லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது எத்தனை முறை?
2. கிளப்புக்காக அதிக கோல் அடித்தவர் யார்?
3. அதிக மேட்ச் ஆடியவர் யார்?
4. 2005 இஸ்தான்புல் ஃபைனலில் இடைவேளையின்போது ஸ்கோர் என்ன?
5. 1990-க்குப் பிறகு அடுத்த லீக் பட்டம் எந்த வருடம் வந்தது?

பதில்கள்: ஆறு முறை (1977, 1978, 1981, 1984, 2005, 2019). இயன் ரஷ், 346 கோல். இயன் கல்லகன், 857 மேட்ச். ஏசி மிலன் 3, லிவர்பூல் 0. கடைசிக் கேள்விக்கு 2020. அதாவது முப்பது வருடக் காத்திருப்பு.

ஐந்துக்கு ஐந்தா? சபாஷ். நாலு என்றாலும் பரவாயில்லை, பாஸ்தான் :-)

ஆனால் ஒரு சந்தேகம். இந்த ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்ன ஒருவருக்கு லிவர்பூலின் வரலாறு தெரியும் என்று சொல்லிவிடலாமா?

முடியாது. அவருக்குத் தெரிந்தது கோப்பை வைத்திருக்கும் கண்ணாடி அலமாரி. வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் காட்டுகிற முன்னறை. வீடு என்பது அது மட்டும் இல்லையே! பின்கட்டு இருக்கிறது, பூட்டி வைத்த அறை இருக்கிறது, மாலை போட்ட போட்டோக்கள் இருக்கின்றன. 'உன் டீமைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும்?' என்று கேட்கும் க்விஸ்களில் பெரும்பாலானவை முன்னறையைத் தாண்டுவதே கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தக் கேள்விகளைப் பலர் விளையாட்டுக்காகக் கேட்பதில்லை, வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கக் கேட்கிறார்கள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு புதுப் பையன் வந்தால் போதும். "1984 ரோம் ஃபைனலில் கடைசி பெனால்டியை அடித்தது யார் சொல்லு?" (ஆலன் கென்னடி.) தெரியவில்லையா? "போடா, நீ பிளாஸ்டிக் ரசிகன்!" அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கேட்டவருக்கும் அந்த மேட்ச் நடந்தபோது வயது பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும். அவரும் எங்கேயோ படித்ததுதான். முன்னால் படித்தவர் பின்னால் படிக்கப்போகிறவரை மட்டம் தட்டுகிறார், வேறொன்றும் இல்லை.

சரி, அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் எவை? இதோ இரண்டாவது சுற்று. இங்கே மார்க் கொஞ்சம் கஷ்டம்.

கேள்வி: ஆன்ஃபீல்டில் கொண்டாடப்பட்ட முதல் லீக் பட்டம் யாருடையது?

லிவர்பூல் என்று சொன்னவர்களுக்கு முட்டை! பதில், எவர்டன். ஆமாம், அதே ஊரின் அந்தப் பக்கத்து எதிரிதான். 1884 முதல் 1892 வரை ஆன்ஃபீல்ட் எவர்டனின் மைதானம். 1891-ல் அவர்கள் லீக் ஜெயித்ததும் அங்கே இருந்தபோதுதான். பிறகு ஜான் ஹோல்டிங் என்ற பீர் ஆலை முதலாளிக்கும் கிளப்பின் மற்றவர்களுக்கும் வாடகை உள்ளிட்ட விஷயங்களில் சண்டை வந்தது. எவர்டன் மூட்டை கட்டிக்கொண்டு குடிசன் பார்க் போய்விட்டது. கையில் மைதானம் இருக்கிறது, ஆட டீம் இல்லை. அதனால் 1892-ல் ஹோல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல். முதல் டீமில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆரம்பத்தில் போட்டிருந்த சட்டை நீலமும் வெள்ளையும்! சிவப்பு வந்தது 1896-ல். மேலிருந்து கீழ்வரை முழுச் சிவப்பு என்பது இன்னும் தாமதம், பில் ஷாங்க்லி காலத்தில் 1964-ல்தான். 'எங்கள் ரத்தமே சிவப்பு' என்று சொல்கிறவர்கள் கவனிக்க.

கேள்வி: 1915-ல் லிவர்பூல் வீரர்கள் நான்கு பேருக்கு ஆயுள் தடை ஏன்?

மேட்ச் ஃபிக்ஸிங். 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. மான்செஸ்டர் யுனைடெட் 2, லிவர்பூல் 0. அந்த ஸ்கோரின் மேல் பந்தயம் கட்டி, இரண்டு பக்க வீரர்களும் பேசிவைத்து ஆடிய மேட்ச் அது. விசாரணைக்குப் பிறகு இரண்டு டீமிலும் சேர்த்து ஏழு பேருக்குத் தடை விழுந்தது. இன்றைக்கு எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு கிளப்புகள் கூட்டாகச் செய்த காரியம் என்று பார்த்தால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்!

கேள்வி: ஷாங்க்லி வருவதற்கு முன் லிவர்பூல் எங்கே இருந்தது?

இரண்டாம் டிவிஷனில். 1954-ல் கீழே விழுந்து, எட்டு வருடம் அங்கேயே கிடந்தது. அந்த டிசம்பரில் பர்மிங்ஹாம் சிட்டியிடம் 9-1 என்று தோற்றது. இன்று வரை அதுதான் கிளப்பின் மிகப் பெரிய தோல்வி. 1959 ஜனவரியில் லீகிலேயே இல்லாத வொர்ஸ்டர் சிட்டி எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலை 2-1 என்று தோற்கடித்தது. அந்த வருடக் கடைசியில் ஷாங்க்லி வந்தார். 1962-ல் மேலே ஏறி, 1964-ல் லீக் சாம்பியன். இந்தப் பள்ளத்தைத் தெரியாதவருக்கு அந்த மேட்டின் உயரம் எப்படித் தெரியும்?

கேள்வி: 'காப்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஆன்ஃபீல்டின் புகழ்பெற்ற ரசிகர் மேடை அது. பெயர் வந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து. 1900 ஜனவரி, போயர் போர், ஸ்பியோன் காப் என்ற குன்று. அங்கே பிரிட்டிஷ் படைக்குப் பலத்த அடி. செத்தவர்களில் லிவர்பூலையும் சுற்றியுள்ள லங்காஷயரையும் சேர்ந்த சிப்பாய்கள் ஏராளம். 1906-ல் ஆன்ஃபீல்டில் புது மேடை எழுந்தபோது அந்தக் குன்றின் பெயரையே வைத்தார்கள். அதே போரில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர்களில் காந்தி ஒருவர். நேட்டாலில் அவர் சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் இருந்தார்கள். பாட்டும் கூச்சலுமாக டிவியில் தெரிகிற அந்த மேடையின் பெயர் ஒரு நினைவுக்கல். அதைப் பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதுவரை வந்தவை சுவாரசியமான கேள்விகள். இனி வருகிற இரண்டும் அப்படி இல்லை. ஆனால் ஒரு லிவர்பூல் ரசிகருக்கு இந்த இரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும், மற்ற எல்லாவற்றுக்கும் வாங்கிய மார்க்கை அழித்துவிடலாம்.

கேள்வி: 1985 ஐரோப்பியக் கோப்பை ஃபைனலின் முடிவு என்ன?

க்விஸ் புத்தகத்தின் பதில்: யுவென்டஸ் 1, லிவர்பூல் 0. பிளாட்டினி, பெனால்டி.

சரியான பதில்: 39.

1985 மே 29, பிரஸ்ஸல்ஸ், ஹெய்சல் ஸ்டேடியம். மேட்ச் தொடங்குவதற்கு முன்பே லிவர்பூல் ரசிகர்கள் கூட்டமாகப் பக்கத்துப் பகுதிக்குள் பாய்ந்தார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். பயந்து பின்வாங்கிய கூட்டம் ஒரு சுவரோரம் நசுங்கியது, சுவரும் இடிந்தது. 39 பேர் செத்தார்கள், அதில் 32 பேர் இத்தாலியர்கள். அதற்குப் பிறகும் மேட்ச்சை நடத்தினார்கள். ஸ்டேடியம் பாழடைந்தது, போலீஸ் ஏற்பாடு மோசம், டிக்கெட் விற்றதில் குளறுபடி... எல்லாம் உண்மைதான். ஆனாலும் பாய்ந்தவர்கள் லிவர்பூல் சட்டை போட்டவர்கள். பெல்ஜிய நீதிமன்றம் 1989-ல் 14 லிவர்பூல் ரசிகர்களுக்குத் தண்டனை கொடுத்தது. இங்கிலாந்து கிளப்புகள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவில் ஐந்து வருடம் தடை, லிவர்பூலுக்கு ஆறு.

கேள்வி: 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோவில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

இது ஒரு விசித்திரமான கேள்வி. இதன் சரியான பதில் மாறிக்கொண்டே வந்தது. 1989-ல் கேட்டிருந்தால் 95. நினைவு திரும்பாமலே நான்கு வருடம் கிடந்த ஓர் இளைஞர் 1993-ல் இறந்தார், 96. அன்று பட்ட காயத்தோடு 32 வருடம் வாழ்ந்த இன்னொருவர் 2021 ஜூலையில் இறந்தார். அவர் சாவும் அன்றைய காயத்தால்தான் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார், 97. பழைய புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர் இன்னமும் 96 என்றுதான் சொல்வார்.

நடந்தது என்ன? ஷெஃபீல்டில் எஃப்ஏ கோப்பை அரையிறுதி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டோடு. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பக்கம் போதுமான நுழைவாயில் இல்லை, வெளியே நெரிசல். போலீஸ் பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் நேரே தெரிந்த சுரங்க வழியில் போனார்கள். அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளுக்குப் போகும் வழி. அதை யாரும் மூடவில்லை. முன்னால் கம்பி வேலி, பின்னால் கூட்டம். மேட்ச் ஆறே நிமிடத்தில் நின்றது. இறந்தவர்களில் மிகச் சிறியவனுக்குப் பத்து வயது. பின்னாளில் லிவர்பூல் கேப்டனான ஸ்டீவன் ஜெரார்டின் உறவுக்காரப் பையன். மிகப் பெரியவருக்கு 67.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ரசிகர்கள்தான் கேட்டை உடைத்து நுழைந்தார்கள் என்று போலீஸ் அதிகாரி சொன்னார். அது பொய், திறக்கச் சொன்னதே அவர்தான். நான்கு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, ரசிகர்கள் இறந்தவர்களிடம் திருடினார்கள் என்று எழுதியது. போலீஸ் கட்டுப்பாடு தவறியதுதான் முக்கியக் காரணம் என்று நீதிபதி டெய்லர் அதே ஆகஸ்டிலேயே அறிக்கை கொடுத்தார். ஆனாலும் 1991-ல் வந்த மரண விசாரணைத் தீர்ப்பு 'விபத்து' என்றது.

பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் விடவில்லை. 2012 செப்டம்பரில் தனிக் குழுவின் அறிக்கை வந்தது: போலீஸ் வாக்குமூலங்களில் 164-ஐத் திருத்தியிருக்கிறார்கள், அதில் 116-ல் போலீஸுக்குப் பாதகமான வரிகளை நீக்கியிருக்கிறார்கள். புது விசாரணை இரண்டு வருடம் நடந்து, 2016 ஏப்ரல் 26-ல் தீர்ப்பு வந்தது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தப்பில்லை. இருபத்தேழு வருடம்! அன்று பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரியைக் குற்றவாளி இல்லை என்று நடுவர் குழு 2019-ல் விடுவித்தது. ஷெஃபீல்ட் கிளப்பின் முன்னாள் செயலாளருக்கு மட்டும் 6,500 பவுண்டு அபராதம். அரசு அதிகாரிகள் உண்மையை மறைத்தால் தண்டிக்க வழிசெய்யும் 'ஹில்ஸ்பரோ சட்டம்' பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மசோதாவாக அறிமுகமானது 2025 செப்டம்பரில்தான்.

இங்கேதான் அந்த 'டீம் வரலாறு தெரியுமா' என்ற கேள்விக்கு உண்மையான எடை வருகிறது. ஹில்ஸ்பரோ விஷயத்தில் வரலாறு தெரிந்திருப்பது பொழுதுபோக்கு இல்லை. பல வருடம் அரசாங்கப் பேப்பரில் இருந்த பதில் தப்பு. சரியான பதிலைக் கையில் வைத்திருந்தவர்கள் அம்மாக்களும் அப்பாக்களும் உயிர் தப்பியவர்களும் ரசிகர்களும்தான். வருடா வருடம் ஏப்ரல் 15-ல் ஆன்ஃபீல்டில் கூடி, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அவர்கள் மறந்திருந்தால் பொய்யே வரலாறாக நின்றிருக்கும்.

ஆனால் கதை இத்தோடு முடிந்தால் அது பாதிக் கதை. பல லிவர்பூல் ரசிகர்கள் ஹில்ஸ்பரோவை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஹெய்சல் என்றால் "அது ஸ்டேடியம் சரியில்லை..." என்று இழுப்பார்கள். எதிர் டீம் ரசிகர்களோ ஹெய்சலை உரக்கச் சொல்லி, ஹில்ஸ்பரோவைக் கிண்டல் பாட்டாக்குவார்கள். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். வரலாற்றில் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வது!

உண்மையில் இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்கவே முடியாது. ரசிகர்கள் என்றாலே ரவுடிகள் என்று எழுபதுகளிலிருந்தே பெயர் எடுத்தாயிற்று. கம்பி வேலிகள் வந்தது அந்தப் பெயரால். ஹெய்சல் அந்தப் பெயரைக் கல்லில் வெட்டியது. நான்கு வருடம் கழித்து வேலிக்குப் பின்னால் மூச்சுத் திணறியவர்களை, கலாட்டா செய்கிறவர்கள் என்று போலீஸ் நினைத்தது. பத்திரிகை பொய் எழுதியபோது நாடு லேசாக நம்பியதும் அதனால்தான். ஹெய்சலில் பாய்ந்தவர்களின் கடனை, அதில் சம்பந்தமே இல்லாத பத்து வயதுப் பையன் செத்த பிறகும் கட்டினான். ஹெய்சல் தெரியாமல் ஹில்ஸ்பரோ புரியாது. அதை மறைப்பவர் தன் ஆட்களுக்கு நடந்த அநியாயத்தின் பாதிக் காரணத்தையும் சேர்த்தே மறைக்கிறார்.

கிளப்பே இதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 2005-ல் யுவென்டஸ் ஆன்ஃபீல்டுக்கு ஆட வந்தபோது, காப் மேடையில் அட்டைகளைத் தூக்கிப்பிடித்து 'நட்பு' என்று இத்தாலிய மொழியில் எழுதிக் காட்டினார்கள். வந்திருந்த யுவென்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள், சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். முதுகைத் திருப்பியவர்களையும் குறை சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்பது ஒருவர் கையில், ஏற்பது இன்னொருவர் கையில்.

"ஐயா, க்விஸ் என்பது ஜாலிக்கு. இதில் சாவு எண்ணிக்கை எல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை அரட்டையில் யாரும் 39-ஐயும் 97-ஐயும் மார்க்குக்காகக் கேட்க வேண்டாம். அது அசிங்கமாகவும் இருக்கும். ஆனால் க்விஸ் ஜாலி என்றால் ஜாலியாகவே இருக்கட்டும். அதை வைத்து 'நீ உண்மையான ரசிகனா' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. தீர்ப்பு எழுதுகிற அளவுக்குச் சீரியஸான பரீட்சை என்றால் முழுப் பாடத்திலிருந்தும் கேள்வி வர வேண்டும். சிலபஸில் பாதியை நீக்கிவிட்டு ஸ்டேட் ஃபர்ஸ்ட் என்று மார்தட்டுவது எந்த ஊர் நியாயம்?

இது லிவர்பூலுக்கு மட்டும் இல்லை. எந்த கிளப்பின் ரசிகராக இருந்தாலும் மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுப் பார்க்கலாம். என் டீம் எப்போது மிகக் கீழே கிடந்தது? என் டீமுக்கு நடந்த பெரிய அநியாயம் எது? என் டீம், அல்லது என் டீமின் பெயரால், பிறருக்குச் செய்த பெரிய அநியாயம் எது? முதல் இரண்டுக்கும் பதில் டக்கென்று வரும். மூன்றாவதில்தான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உண்மையான பரீட்சை அந்தக் கேள்விதான். (கிளப்புக்கு மட்டுமா? ஊருக்கு, கட்சிக்கு, ஜாதிக்கு, நாட்டுக்கு என்று எதற்கு வேண்டுமானாலும் இதே மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். அது அவரவர் வீட்டுப் பாடம்!)

அடுத்த முறை யாராவது புதிதாகச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், 1984 பெனால்டியைக் கேட்டு விரட்ட வேண்டாம். தெரிந்தவர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். இஸ்தான்புல்லில் ஆறே நிமிடத்தில் மூன்று கோல் வந்ததை முதலில் சொல்லட்டும், பையன் வாயைப் பிளந்து கேட்பான். பிறகு வொர்ஸ்டர் சிட்டி, அதற்குப் பிறகு ஹெய்சல், அதற்குப் பிறகு ஹில்ஸ்பரோ. இந்த வரிசையில், எதையும் விடாமல். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவன் அந்தச் சட்டையைக் கழற்றாமல் இருந்தால், அவன் பாஸ்.

உங்கள் டீம் எது? மூன்றாவது கேள்விக்கு உங்கள் பதில் என்ன?